மூன்றாம் ஓலை

திண்டுக்கல் பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் அறிவுச்செல்வி நடத்திய எஸ்.டி.டி. பூத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள், வாசலிலேயே நின்று அவளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். போன் மணி அடித்தால் அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைக்க மாட்டாள். அதைத் தலைகீழாகத் திருப்பி, கேட்கிற பக்கத்தை நெஞ்சில் தொங்கும் சின்னத் துணிப்பையோடு சேர்த்து அழுத்திக்கொள்வாள். பேசுகிற பக்கம் தாடைக்குக் கீழே வந்து நிற்கும். அதற்குள் குனிந்து பேசுவாள். கைக்குழந்தையிடம் ரகசியம் சொல்வதுபோல் இருக்கும்.

அந்தத் துணிப்பைக்குள்தான் அவளுடைய காது மிஷின் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்தோரமாக ஏறிக் கூந்தலுக்குள் போகும். தலையின் மேல் வளைந்து கிடக்கும் எஃகுப் பட்டையின் முனையில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு துண்டு, காதுக்குப் பின்னால் எலும்பை அழுத்திக்கொண்டிருக்கும். பிறக்கும்போதே அவளுக்கு இரண்டு காதிலும் துவாரம் கிடையாது. மடல்கள் மொட்டுப்போலச் சுருண்டிருந்தன. உள்ளே எல்லாம் சரியாக இருந்தது, வாசல்தான் அடைபட்டிருந்தது. அதனால் சத்தம் அவளுக்கு எலும்பு வழியாக வந்தது.

சாணார்பட்டிப் பாதையில் உள்ள அவள் ஊரில் எட்டு வயது வரை அவளை ஊமை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா சூசைராஜுக்குக் கனகாம்பரத் தோட்டம். திண்டுக்கல்லில் நடந்த ஒரு இலவச முகாமுக்கு அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது, டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி அவள் காதுக்குப் பின்னால் வைத்தார். அவள் வீறிட்டு அழுதாள். டாக்டர் சிரித்தார். அப்பாவுக்கு டாக்டர் ஏன் சிரிக்கிறார் என்று புரியவில்லை. பிறகு மிஷின் வந்தது. வெளியூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். பிளஸ் டூ முடித்து ஊர் திரும்பியபோது அவளுக்குப் பேச்சு வந்திருந்தது. கொஞ்சம் மூக்கால் வரும் பேச்சு. ஊனமுற்றோருக்கு என்று ஒதுக்கிய பூத் ஒன்று சில வருடம் கழித்துக் கிடைத்தது.

மிஷினில் ஒரு சிறிய ஸ்விட்ச் உண்டு. 'எம்' என்ற எழுத்துக்குத் தள்ளினால் சுற்றிலும் உள்ள சத்தமெல்லாம் கேட்கும். 'டி'க்குத் தள்ளினால் அத்தனையும் நின்றுவிடும். பஸ் ஹாரன், இட்லிக் கடை, மீட்டரின் டிக் டிக், ஒன்றும் இருக்காது. மிஷினுக்குள் இருக்கும் ஒரு செம்புக் கம்பிச் சுருள் மட்டும் விழித்துக்கொள்ளும். போன் ரிசீவரில் எழும் காந்த அதிர்வைப் பிடித்து அதைக் குரலாக்கி எலும்புக்கு அனுப்பும். அப்போது கொடைரோட்டிலிருந்து பேசுகிறவரும் பாம்பாயிலிருந்து பேசுகிறவரும் அவள் மண்டைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். கூப்பிட்டுவிட வேண்டிய ஆளின் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஸ்விட்சை எம்முக்குத் தள்ளிவிட்டு, ஆளனுப்புவாள். அவளுடைய வேலை அவ்வளவுதான்.

பூத்துக்கு வருகிறவர்கள் அவள் எதிரில் எதையும் பேசினார்கள். செவிட்டுப் பிள்ளைதானே என்று கண்ணாடிக் கதவைக்கூடச் சாத்துவதில்லை. கள்ளக் காதல், பங்காளிச் சண்டை, ஆஸ்பத்திரி விவகாரம் எல்லாம் அவள் முன்னால் நடந்தன. கேட்கும் என்று அவளும் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்து பூத்துக்குப் போய்விடுவார்கள்.

ஊர் மாதா கோயிலில் அவளுக்காகவே ஒரு ஒயர் இருந்தது. முன்பு பங்குச் சாமியாராக இருந்தவர் ஒருமுறை அவளுடைய பள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கே வகுப்பறையைச் சுற்றி ஒயர் ஓட்டி, டீச்சரின் மைக்கை அதில் இணைத்து, பிள்ளைகளெல்லாம் ஸ்விட்சை டிக்குத் தள்ளிக்கொண்டு பாடம் கேட்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் மைக்செட் சேவியரைக் கூப்பிட்டார். ஆண்கள் வலது பக்கமும் பெண்கள் இடது பக்கமும் உட்காரும் கோயில் அது. சேவியர் பெண்கள் பக்கத்தை மட்டும் சுற்றி, சுவரோரமாக, பாய்க்கு அடியில் ஒயரை ஓட்டினார். அதற்கென்று தனியாக ஒரு ஆம்பிளிஃபயரைப் பீடத்துக்குப் பின்னால், சாமியார் உடை மாற்றும் அறையில் வைத்தார்.

"ஒரு ஆளுக்குன்னு ஒரு ரேடியோ ஸ்டேசன் வச்சது ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று சேவியர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. கூரைமேல் இருக்கும் ஹாரன் ஒலிபெருக்கி ஓடினால் ஊருக்கே தெரியும். இந்த ஒயர் ஓடுகிறதா இல்லையா என்று சேவியருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஆம்பிளிஃபயரைப் போட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவில் தலையை நீட்டி அவளைப் பார்ப்பார். அவள் தலையாட்டினால் ஓடுகிறது என்று அர்த்தம்.

பிரசங்கத்துக்கு அவள் டியில் வைத்துக்கொள்வாள். மின்விசிறிச் சத்தமும், பிள்ளைகள் அழுகையும், கிழவிகளின் இருமலும் போய்விடும். சாமியார் மட்டும் இருப்பார். ஹாரனில் எதிரொலித்துக் குழம்பி மற்றவர்களுக்குப் பாதிதான் புரியும். அவளுக்கு அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். பாட்டு வந்தால் எம்முக்கு மாறிவிட வேண்டும். மறந்துவிட்டால், அத்தனை பேர் வாயசைக்கும் கூட்டத்தின் நடுவே, ராகம் தப்பிய சாமியாரின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். கோயில் நிறைய ஆள் இருக்கும். அவள் காதில் ஒரு ஆள்தான் இருப்பார்.

அவளுக்கு வயது முப்பதை நெருங்கியபோதுதான் அந்த வரன் வந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருடம், பெரிய வியாழனுக்குப் பிறகு. மாப்பிள்ளை பெயர் ராயப்பராஜ். கொடைரோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். டெம்போ வைத்துத் தோட்டங்களிலிருந்து பூ மூட்டை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். தாய்மாமனும் அத்தையும்தான் உடன் வந்தார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது என்று மாமன் சொன்னார்.

ராயப்பராஜ் அவளிடம் சத்தம்போட்டுப் பேசவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டொருவர் முன்பு அவள் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறார்கள். இவர் எதிரில் உட்கார்ந்து, அவள் தலையில் இருந்த எஃகுப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலிக்குமா?" என்றார்.

காதுக்குப் பின்னால் அந்தப் பொத்தான் அழுத்தி அழுத்தி ஒரு குழியே விழுந்திருந்தது. சாயங்காலமானால் தலை விண்ணென்று தெறிக்கும். வீட்டில்கூட யாரும் அதைக் கேட்டதில்லை. பழகிவிட்டது என்று அவள் சொன்னாள்.

"எந்நேரமும் போட்டே இருக்கணும்னு இல்லைல? வீட்டுக்குள்ள இருக்கையில கழட்டி வச்சுக்கலாம்ல?"

கழற்றிக்கொள்ளலாம் என்றாள். அவர் தலையாட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி இளவேனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

"மாப்ள கரிசனத்தப் பாத்தியா செல்வி? ஒங்கண்ணன் இத்தன வருசத்துல எனக்குத் தலவலினா ஒரு மாத்திர வாங்கித் தந்ததில்ல. இவுக வந்த அன்னைக்கே வலிக்குமாங்குறாக."

செல்விக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருக்கும்போது அந்த ஒரு கேள்வியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்தது. இருவரும் பங்குச் சாமியாரிடம் போய், கல்யாணத்துக்கு முன் ஒப்பிக்க வேண்டிய ஜெப மந்திரங்களைச் சொன்னார்கள். அருள்நாதன் சாமி வயதானவர், சிரித்த முகக்காரர். விசுவாசப் பிரமாணத்தில் ராயப்பராஜ் ஒரு வரியை விட்டுவிட, செல்வி எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தைப் பெண் வீட்டுக் கோயிலிலேயே வைப்பதாக முடிவாயிற்று. முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை ஊர் கேட்க வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்வது வழக்கம். யாரும் தெரிவிப்பதில்லை. பெயரை வாசித்ததும் பெண்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்து மணப்பெண்ணைக் கிள்ளுவார்கள். செல்வியையும் கிள்ளினார்கள்.

புதன்கிழமைதோறும் மத்தியானம் ராயப்பராஜ் பூத்துக்குப் போன் செய்தார். சந்தை முடிந்து திரும்பும்போது கொடைரோடு ஸ்டேசன் பக்கமிருந்து பேசுவார். அதிகம் பேச மாட்டார். மல்லி என்ன விலை போனது, வண்டி எங்கே பஞ்சரானது, இவ்வளவுதான். ரிசீவரை நெஞ்சில் வைத்து அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளைத் தேடி அவளுக்கென்று வந்த போன் அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை அவள் சீக்கிரமே கோயிலுக்குப் போய்விட்டாள். ராயப்பராஜ் அவருடைய பங்குச் சாமியாரிடமிருந்து வாங்கி வந்த காகிதத்தைக் கொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். பெண்கள் பக்கத்தில் ஏழெட்டுக் கிழவிகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒயர் ஓடுகிறதா என்று பார்க்கிற வழக்கத்தில் அவள் ஸ்விட்சை டிக்குத் தள்ளினாள்.

ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையிலேயே சேவியர் ஆம்பிளிஃபயரைப் போட்டுப் பார்த்துவிட்டு, அணைக்காமல் போயிருந்தார். அணைந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. அருள்நாதன் சாமிக்கு அந்த வருடம்தான் யாரோ வெளிநாட்டிலிருந்து ஒரு காலர் மைக் வாங்கி வந்து கொடுத்திருந்தார்கள். சேவியர் அவளுடைய ஒயரைப் பீடத்து மைக்கிலிருந்து கழற்றி அதற்கு மாற்றியிருந்தார். சாமியார் உடை மாற்றும்போதே மைக்கைக் குத்தி, ஸ்விட்சையும் போட்டுக்கொண்டுவிடுவார். ஹாரனைச் சேவியர்தான் மணி அடித்த பிறகு திறப்பார் என்பதால் அவருக்கு அதில் கவலையில்லை. சின்ன ஒயர் ஒன்று தரையோடு கிடப்பது அவர் நினைவிலேயே இல்லை.

"பொண்ணுக்கு மிஷின் மாட்டுனா நல்லாவே கேக்கும்ப்பா. அது தெரியும்ல?" என்று சாமியாரின் குரல் அவள் மண்டைக்குள் சொன்னது.

"தெரியும் சாமி." கொஞ்சம் தள்ளி நின்று பேசிய குரல். அவளுக்கு அந்தக் குரல் நன்றாகப் பழகியிருந்தது.

அவள் ஸ்விட்சில் கை வைத்தாள். தள்ளவில்லை.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு சாமி. ஒங்ககிட்டச் சொல்லிர்றேன். அம்மாவுக்குப் புத்தி கலங்கிப் போயி ரொம்ப வருசமாச்சு. விடிஞ்சதும் ஆரம்பிச்சா பொழுதடையுற வரைக்கும் வசவுதான். தெருவே நாறிப்போகும். ரெண்டு எடத்துல பேசி முடிச்சு, வீடு பாக்க வந்தவுக அம்மா வாயக் கேட்டுட்டு வேணாம்னுட்டுப் போயிட்டாக. மாமாதான் சொன்னாரு, காது கேக்காத புள்ளையாப் பாத்தா நிக்கும்னு."

காலர் மைக்கில் சாமியாரின் மூச்சு ஏறி இறங்கியது.

"வீட்டுக்குள்ள அந்த மிஷினக் கழட்டி வச்சிட்டா ஒண்ணும் தெரியாதுல்ல சாமி."

"இத அந்தப் புள்ளகிட்டச் சொன்னியா?"

"சொன்னா வருமா சாமி?"

"சொல்லணும்ப்பா. மறைச்சுக் கட்டக்கூடாது. கல்யாணத்துக்கு முந்திச் சொல்லிரு."

"சொல்லிர்றேன் சாமி."

அவள் ஸ்விட்சை எம்முக்குத் தள்ளினாள். கிழவிகளின் ஜெபமாலை, மின்விசிறி, வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம். கோயில் எப்போதும்போல்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் நடந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சேவியர் பக்கவாட்டுக் கதவில் தலையை நீட்டி அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

பூசையில் இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ராயப்பராஜ் லேசாகத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். பின்னாலிருந்து யாரோ கிள்ளினார்கள். அவளும் சிரித்தாள்.

அவர் சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். கெட்டவராக இருந்தால் சாமியாரிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் பேச வந்தார். அப்பாவும் அண்ணனும் பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை என்று அவளே காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். புதன்கிழமை போனில் சொல்வார்.

வசவு அவளைப் பயமுறுத்தவில்லை. பஸ் நிலையத்துச் சந்தில் கேட்காத வசவா? புத்தி சரியில்லாத ஒரு மனுசிக்குச் சோறு போடுவதும் பெரிய காரியமில்லை. அவர் சொல்லிவிட்டு, வருவாயா என்று கேட்டால், வருகிறேன் என்று சொல்லத்தான் இருந்தாள். அதைச் சொல்லும்போது எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவள் ரிசீவரை நெஞ்சில் அழுத்திக்கொண்டு குனிந்தாள். கனகாம்பரம் விலை விழுந்துவிட்டதாம். டெம்போவுக்கு டயர் மாற்ற வேண்டுமாம். கேட்டு முடித்துவிட்டு, "அம்மா எப்படி இருக்காக?" என்றாள்.

"நல்லா இருக்காக."

"முட்டிவலி?"

"பரவால்ல. நீ ஒண்ணும் நெனைக்காத. வீட்ல ஒனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

"எங்கிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

லைன் இரைந்தது. டியில் அந்த இரைச்சல் மழைபோலக் கேட்கும். அவள் ரிசீவரை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"சேல கலர் மாத்தணும்னா சொல்லு. ஜவுளிக்கடைக்காரர் தெரிஞ்சவருதான்" என்றார் அவர்.

மாற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்தாள். வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு வெகுநேரம் கேட்கவில்லை. ஸ்விட்ச் டியிலேயே இருந்தது.

அந்த வாரம் பூராவும் அவள் வேறொன்றை நினைத்தாள். மிஷின் இல்லாத எட்டு வருடம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவின் வாய் அசையும், அம்மாவின் வாய் அசையும், கோழி கழுத்தை நீட்டும், ஒன்றுக்கும் சத்தம் இருக்காது. எல்லோரும் ஒரு வீட்டுக்குள் இருக்க, தான் மட்டும் வெளியே மழையில் நிற்பதுபோல. மறுபடி அதற்குள்தான் அவர் அவளைக் கூட்டிப்போகிறார். அவள் அங்கே சமைப்பாள், துவைப்பாள், அவருக்கு வண்டிச் சாவி எடுத்துக் கொடுப்பாள். மிஷின் பெட்டிக்குள் இருக்கும். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஏதாவது பேசினால்? பேச வேண்டும் என்றே அவருக்கு இருக்காது. கேட்காத பெண்ணிடம் யார் பேசுவார்கள்? வலிக்குமா என்று கேட்டது பொய்யில்லைதான். அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வி வந்தது. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்த இரண்டாவதுதான்.

மூன்றாவது ஞாயிறு. ராயப்பராஜ் வரவில்லை, அவர் ஊர்க் கோயிலிலும் அன்றைக்கு ஓலை. அருள்நாதன் சாமி நிறுத்தி நிதானமாக வாசித்தார். அவள் பெயர் அவள் எலும்புக்குள் கேட்டது. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். கிள்ளினார்கள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. சாமியார் வழக்கம்போலப் பெண்கள் பக்கம் இறங்கி வந்து குழந்தைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டார். கடைசிக் குழந்தையும் போகிற வரைக்கும் செல்வி பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"என்னம்மா கல்யாணப் பொண்ணே?"

"தடை சொல்ல வந்தேன் சாமி."

அவர் சிரித்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான். இப்ப வாசிச்சீங்கள்ல."

"வெளையாடாதம்மா. என்ன தடை?"

"எனக்குக் கேக்கும் சாமி. அவுகளுக்குக் கேக்காத பொண்ணுதான வேணும்."

சாமியார் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் கண் தரையில், ஒயர் கிடக்கும் பாயின் ஓரத்துக்குப் போனது. கை தானாகக் காலருக்கு எழும்பி மைக்கின் மேல் பட்டது. அந்தச் சரசரப்பு அவள் மண்டைக்குள் பாறையை இழுப்பதுபோலக் கேட்டது.

"நான் அவனச் சொல்லச் சொன்னேனேம்மா."

"அதுவும் கேட்டுச்சு சாமி. புதங்கெழம நானே வாயக் குடுத்துப் பாத்தேன். சொல்லல."

"அவன் கெட்டவன் இல்லம்மா."

"தெரியும் சாமி. சொல்லியிருந்தா போயிருப்பேன்."

அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். நம்பிச் சொன்னதை ஒருத்தி கேட்டுவிட்டாள் என்று ஊருக்குத் தெரிந்தால் இனி ஒருவர் அவரிடம் எதையும் சொல்ல வருவாரா? அந்தப் பையனுக்கு இனி ஒரு பெண் கிடைக்குமா? இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்தது. அவளுக்கென்றும் ஒன்று இருந்தது. விஷயம் தெரிந்தால் அந்த ஒயரை முதல் வேலையாகப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் சாமி. புடிக்கலன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

அப்படியே சொன்னாள். வீடு ஒரு மாதம் எரிந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள், பந்தல்காரருக்கு முன்பணம் போயிருந்தது. அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். இளவேனில் அடுப்படியிலிருந்து, "இவளுக்குப் புடிக்கலையாம். கண்ணாடியப் பாத்துட்டுச் சொன்னாளாமா?" என்றாள். செல்வி கூடத்தில் இருந்தாள். மிஷின் மாட்டியிருந்தாள். அப்பா மட்டும் ஒருநாள் பூ பறித்துக்கொண்டிருக்கும்போது, "என்ன காரணம் ஆத்தா? எங்கிட்டயாவது சொல்லு" என்று கேட்டார். புடிக்கலப்பா என்றாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வேறு எதையும் அவர் அதிகமாக அவளிடம் கேட்கவில்லை. ஊருக்குள் திமிர் பிடித்தவள் என்று பெயராயிற்று. கோயிலில் அவளைச் சுற்றிப் பாயில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அருள்நாதன் சாமி அதன் பிறகு பீடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் காலர் மைக்கைப் போட்டார். சில ஞாயிறுகளில் போடவே மறந்துபோய், பீடத்து மைக்கிலேயே பூசையை முடித்துவிடுவார். அது ஹாரனுக்கு மட்டும் போகிற மைக். அப்போது டியில் டியூப் லைட்டின் ரீங்காரம்தான் இருக்கும். அவள் போய்ச் சொல்லவில்லை. அவருக்கு ஞாபகப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பூத்தில் போன் அடித்தது. ராயப்பராஜ். பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"ஒனக்கு யாரு சொன்னாக?"

"யாரும் சொல்லல."

"எங்கூருக்காரன் எவனோ சொல்லிருக்கான். சரி விடு. நீயும் கேட்டுக்க. ஒனக்காவது தெரியட்டும், நான் எதுக்கு மறைச்சேன்னு."

ரிசீவரை அவர் ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு வயதான பெண்ணின் குரல், தூரத்தில், மூச்சு வாங்காமல். செல்வி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்படிப்பட்ட வசவை அவளும் கேட்டதில்லைதான். கட்டினவனை, மாமனை, பக்கத்து வீட்டை, பெற்ற மகனை, ஒருவரையும் விடவில்லை. அலை மாதிரி ஏறி ஏறி வந்தது. கேட்கக் கேட்க அதற்கு ஒரு போக்கு இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அவர் ரிசீவரைத் திரும்ப வாயருகே கொண்டுவந்தார். "கேட்டியா?"

"சாப்பிடச் சொல்றாக."

"என்னது?"

"சோறு போட்டு வச்சிருக்காகளாம். ஈ மொய்க்குதாம். ஏலே ராயப்பா, தின்னுட்டுப் போய்த் தொலைடான்னு சொல்றாக. ரெண்டு மூணு தடவ சொல்லிட்டாக."

தூரத்தில் அம்மாவின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது எப்பவும் கத்துறதுதான்" என்றார் கடைசியில். பிறகு, "வச்சிர்றேன்" என்றார்.

அவர் மறுபடி போன் செய்யவில்லை. வேறு கல்யாணம் ஆனதா என்றும் அவளுக்குத் தெரியாது. விசாரிக்க வழி இருந்தது, விசாரிக்கவில்லை.

அதற்குப் பின் வந்த வருடங்களில் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் ஏறியது. பூத்துக்கு ஆள் குறைந்து, பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின் போட்டாள். பிறகு ஜெராக்ஸ்தான் கடை, போன் ஓரத்தில் கிடந்தது. செல்போன்கள் அவளுக்கு ஒரு புது வேலை வைத்தன. யாருக்காவது அழைப்பு வரப்போகிறது என்றால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே டியில் தட்தட்தட் என்று வண்டு குடைவதுபோல ஒரு சத்தம் வரும். கோயிலில் பிரசங்கத்தின் நடுவே அது வரும்போது, பக்கத்துப் பாயில் இருக்கும் யாரையோ யாரோ தேடுகிறார்கள் என்று அவளுக்கு முதலில் தெரியும். திரும்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் அந்தப் பெண் அவசர அவசரமாகப் பையைத் துழாவுவாள்.

பழைய மிஷின் அடிக்கடி மக்கர் செய்ய ஆரம்பித்ததும், இரண்டாயிரத்து ஏழில், மதுரையில் ஒரு காது டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். வரவேற்பறையில் ஒரு தாய், மகளின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்த வட்டத் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றார்கள். தனக்கும் அதுதான் வேண்டுமோ என்று செல்வி கேட்டாள். டாக்டரம்மா சிரித்து, அது உள்காது பழுதானவர்களுக்கு, உங்களுக்கு உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சிறிய திருகாணி வைத்து, அதன்மேல் மிஷினை மாட்டிக்கொள்ளலாம். எஃகுப் பட்டை வேண்டாம், ஒயர் வேண்டாம், தலைவலி இருக்காது. மேசைமேல் எடுத்து வைத்தார். பெருவிரல் நுனி அளவுதான் இருந்தது.

அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல டி இருக்கா டாக்டர்?"

"இதுக்குள்ள இல்ல. அதுக்குன்னு தனியா ஒரு துண்டு வருது, வாங்கி மாட்டிக்கிடலாம். அது கொஞ்சம் வெல." அவர் பேனாவை எடுத்தார். "எதுக்குக் கேக்குறீங்க, போன் பேசவா? யார்கூட நெறையப் பேசுவீங்க?"

"யார்கூடயும் இல்ல."

"அப்பப் பெறகு பாத்துக்கிடலாமே. முதல்ல இது போதும்."

"இல்ல டாக்டர்" என்றாள் அறிவுச்செல்வி. "அதையும் சேத்து எழுதுங்க."